முனைக்கு முனை மறையாக்கம்

அனுப்புபவரின் கைப்பேசியிலேயே செய்தியைப் பூட்டி, பெறுபவரின் கைப்பேசியில் மட்டும் அதைத் திறக்கும் முறை முனைக்கு முனை மறையாக்கம். எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என்றும் சொல்வார்கள். இடையில் செய்தியைச் சுமந்து செல்லும் நிறுவனத்தின் சர்வராலும் அதைப் படிக்க முடியாது. பட்டுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போகும் வாய்ஸ் மெசேஜும், நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ஒரு வரியும் வாட்ஸ்அப்பில் இப்படித்தான் பயணம் செய்கின்றன. அனுப்புகிறவர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை.

அந்த எளிமை வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின. முன்பின் சந்திக்காத இருவர், ஊரே ஒட்டுக்கேட்கும் வழியில் பேசிக்கொண்டே தங்களுக்கென ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளலாம் என்று 1976-இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டினார்கள். 1991-இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. மென்பொருள் மின்னஞ்சலுக்கு இந்தப் பாதுகாப்பைத் தந்தது. ஆனால் கணினி தெரிந்தவர்களே அதைப் பயன்படுத்தத் திணறினார்கள். மாக்ஸி மார்லின்ஸ்பைக், டிரெவர் பெரின் இருவரும் வடிவமைத்த சிக்னல் நெறிமுறைதான் நிலைமையை மாற்றியது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறும். இன்றைய சாவி களவு போனாலும் நேற்றைய செய்தி திறக்காது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் இதைத் தன் பயனர்கள் அனைவருக்கும் கொண்டுவந்தது.

சாவிகளுக்கு அடியில் இருப்பது நீள்வட்ட வளைவுகள் எனப்படும் கணிதம். ராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதக்கூடியது. அப்படி எழுதும்போது கிடைக்கும் சமன்பாடும் ஒரு நீள்வட்ட வளைவுதான். அதற்காக வாட்ஸ்அப்பின் வேர் ராமானுஜன் வாழ்ந்த கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கிறது என்று பெருமை பேசினால் அது மிகை.

பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பயனரே பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் ஒருவரின் பெயரைத் தொட்டு, மறையாக்கம் என்ற வரிக்குள் போனால் 60 இலக்க எண் ஒன்று ஐந்து ஐந்தாகப் பிரிந்து தெரியும். மறுமுனையில் இருப்பவர் தன் கைப்பேசியில் உள்ள எண்ணைப் படிக்க, இரண்டும் ஒத்துப்போனால் நடுவில் ஆள் இல்லை. மிகக் குறைவானவர்களே செய்யும் சோதனை இது.

எல்லாச் செயலிகளும் இப்படி இல்லை. டெலிகிராமில் ரகசிய உரையாடலைத் தனியே தொடங்கினால்தான் செய்திகளுக்கு இந்தப் பாதுகாப்பு. தஞ்சை மாவட்டக் கிராமக் குடும்பத்திலிருந்து வந்த ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அரட்டை, 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று நாடெங்கும் பேசப்பட்டது. நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,50,000 ஆயின என்று வேம்பு அறிவித்தார். அப்போது அதன் அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது. சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. சுதேசி என்பது ஒரு தகுதி, ரகசியம் என்பது வேறொரு தகுதி. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் அந்த நாட்களில் நிறையப் பேர்.

இந்தியாவில் இதைப் பற்றிய பெரிய சட்டச் சண்டை சென்னையில்தான் சூடுபிடித்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018-இல் உயர்நீதிமன்றத்துக்கு வந்த பொதுநல வழக்கு, வதந்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி: முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம், அதையும் பூட்டி வைக்கலாம் என்பது அவர் யோசனை. அந்த அடையாளத்தைப் போலியாக மாற்றிவிட்டால் நிரபராதி மாட்டிக்கொள்வார் என்று மறுத்தார் மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன். மறுப்பில் வலு இருக்கிறது. வாட்டர்மார்க்கோடு வரும் படத்தையே வெட்டி ஒட்டிப் புதிதாக அனுப்புகிற ஊர் இது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் வந்த ஒன்றிய அரசின் விதிகள் முதல் அனுப்புநரைக் கண்டறியும் வசதியைக் கட்டாயமாக்கின. அதே ஆண்டு மே மாதம் வாட்ஸ்அப் அவற்றை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் சென்றது.

செய்திக்குள் என்ன இருக்கிறது என்பதை மறையாக்கம் மறைக்கும். யார் யாரோடு எப்போது பேசினார் என்பதை நிறுவனம் அறிய அது தடையில்லை. முனைகளுக்கு வெளியே நடப்பதற்கும் அது பொறுப்பல்ல. நெல் விற்கப் பதிவு செய்யும் நாட்களில் டெல்டா விவசாயி சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றைப் படமெடுத்து பிரவுசிங் சென்டரின் எண்ணுக்கு அனுப்புகிறார். வழியில் யாரும் பார்க்க முடியாது. ஆனால் போய்ச் சேருமிடம் ஒரு பொதுக் கணினியில் நாள் முழுக்கத் திறந்திருக்கும் வாட்ஸ்அப் வெப். படங்கள் அதன் டவுன்லோடு ஃபோல்டரில் அறுவடை முடிந்த பிறகும் கிடக்கின்றன.

கூகுள் டிரைவில் சேமிக்கும் பேக்கப்புக்கும் இதே கதைதான். அதையும் பூட்டும் வசதி 2021 முதல் உண்டு, பயனரே அதை இயக்க வேண்டும். அப்படி வைத்த பாஸ்வேர்டை மறந்துவிட்டு, வேறு வழியிலும் மாற்ற முடியாமல் போனால், வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் அந்த பேக்கப்பைத் திறந்து தர இயலாது.