வேலூர் - ஆம்பூர் பகுதியில் வீட்டு முகப்பு அழகூட்டல்

வீட்டு முகப்பு அழகூட்டல் என்பது தெருவிலிருந்து பார்ப்போருக்கு ஒரு வீடு தோன்றும் விதத்தை மேம்படுத்தும் பணிகளின் தொகுதி ஆகும். முன்புறத் தோட்டம், சுற்றுச்சுவர், வாயிற்கதவு, தரை, வண்ணப்பூச்சு ஆகியன இதில் அடங்கும். வட அமெரிக்காவில் இது பெரும்பாலும் வீடு விற்பனையோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறது. தமிழகத்தில் வாசல் நாள்தோறும் பேணப்படும் இடமாகவே இருந்து வருகிறது.

தமிழ்நாட்டின் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழிற்பகுதியில் முகப்பு அழகூட்டலுக்குத் தனித்த சிக்கல் ஒன்று உள்ளது. இங்கு பல இடங்களில் நிலத்தடி நீரும் மண்ணும் உவர்ப்பு அடைந்துள்ளன. ஆகவே எந்தச் செடி பிழைக்கும், எந்தச் சுவர் நிலைக்கும் என்பதை நீரின் உப்பே பெரிதும் தீர்மானிக்கிறது.

மரபுவழி முகப்பு

இப்பகுதியின் பழைய வீடுகளில் திண்ணை, மரத்தூண், ஓட்டுத் தாழ்வாரம் ஆகியவை முகப்பின் முக்கிய உறுப்புகளாக இருந்தன. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அடிப்பகுதியில் காவிப் பட்டை தீட்டுவதும் வழக்கம். காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுதல், விழா நாட்களில் மாவிலைத் தோரணம் கட்டுதல், பொங்கல், இரம்சான் போன்ற பண்டிகைகளுக்கு முன் வெள்ளையடித்தல் ஆகியன இன்றும் தொடர்கின்றன. அண்மைக் காலத்தில் திண்ணைகள் குறைந்து, இரும்புக் கதவும் வண்டி நிறுத்தும் சிமெண்டுத் தளமும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன.

நீரும் மண்ணும்

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன்மீது உப்பு இடப்படுகிறது. பதனிடுவதற்கு முன் தோலை நீரில் ஊறவைக்கும்போது அந்த உப்பு கழிவுநீரில் கலக்கிறது. பதனிடுதலில் குரோமிய உப்புகளும் பயன்படுகின்றன. பல பத்தாண்டுகளாக இக்கழிவுநீர் நிலத்திலும் பாலாற்றிலும் விடப்பட்டதால் கிணறுகள் பாதிப்படைந்தன. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த இவ்வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய இடங்களில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு தொடர்பாக இழப்பீடு, கண்காணிப்பு ஆகியன குறித்து மீண்டும் ஆணைகள் பிறப்பித்தது.

பாசன நீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பின் பெரும்பாலான செடிகளுக்கு இடரில்லை என்பது ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் வழிகாட்டல். 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு தேவை. மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்சுக்கு மேற்பட்டால் அது உவர் மண் எனப்படும். சோடியம் மிகுந்து, காரகாடித்தன்மைச் சுட்டெண் 8.5 ஐத் தாண்டிய மண் களர் மண் எனப்படும். இவ்விரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். ஆகவே தோட்டம் அமைக்கும் முன் நீரையும் மண்ணையும் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது நல்லது. வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது.

செடிகளின் தேர்வு

உவர்ப்பு நீரில் இலை நுனி கருகுதல், வளர்ச்சி குன்றுதல், பூ உதிர்தல் ஆகியவை தோன்றும். இவை நீர்ப் பற்றாக்குறையின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், பலர் அதே கிணற்று நீரை மேலும் ஊற்றுகின்றனர். இதனால் மண்ணில் உப்பு மேலும் சேர்கிறது.

* உவர்ப்பைத் தாங்குபவை: பூவரசு, புங்கை, வேம்பு, காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி, அருகம்புல்.
* உவர்ப்பைத் தாங்காதவை: ரோஜா, எலுமிச்சை, மா, வாழை.

அரளியின் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை. குழந்தைகளோ ஆடு மாடுகளோ உள்ள வீடுகளில் அதைத் தவிர்க்க வேண்டும். சீமைக் கருவேலம் உவர் நிலத்திலும் வளரும். எனினும் விரைந்து பரவும் அயல் இனம் என்பதால் அதை வளர்ப்பது நன்றன்று.

ஆவாரை இப்பகுதிக்குப் பொருத்தமான புதர்ச்செடி. வறட்சியைத் தாங்கி மஞ்சள் பூக்களைத் தரும். குரோமியப் பதனிடுதல் பரவுவதற்கு முன் தென்னிந்தியாவில் தோல் பதனிட ஆவாரம்பட்டையே பெரிதும் பயன்பட்டது.

வேம்பு, புங்கை போன்ற மரங்களைச் சுற்றுச்சுவரை ஒட்டியோ மின்கம்பிக்கு நேர் கீழோ நடலாகாது. இடம் குறைந்த வீடுகளுக்குத் தொட்டிச் செடிகள் ஏற்றவை. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு தோன்றினால் உப்பு சேர்ந்துள்ளது என அறியலாம். அப்போது அடித்துளை வழியே வடியும் அளவுக்கு நல்ல நீரை ஊற்றிக் கழுவ வேண்டும்.

மழைநீர்ப் பயன்பாடு

கூரையில் விழும் மழைநீரில் உப்பு மிகக் குறைவு. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. இழப்புப் போக ஏறத்தாழ 800 லிட்டரைச் சேமிக்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. முற்றத்தில் தேங்கும் மழைநீர் மண்ணின் உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே கொண்டு செல்கிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாத்திகளுக்கு வரப்பு எடுத்து மட்கிய எரு இடுவது பயன்தரும். களர் மண்ணாயின் ஆய்வு முடிவின்படி சிப்சம் இடப்படுகிறது.

முன்புறம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிட்டால் மழைநீர் உள்ளிறங்காது. கோடையில் வெப்பமும் கூடும். வண்டிச் சக்கரம் செல்லும் தடங்களுக்கு மட்டும் தளமிட்டு எஞ்சிய இடத்தை மண்ணாக விடலாம். தெருவை நோக்கிக் கட்டும் சாய்தளம் கால்வாயை அடைக்காதவாறு அமைதல் வேண்டும்.

வீட்டு நீர் வடிகட்டிக் கருவிகள் வெளியேற்றும் நீரில் உப்பு மூல நீரைவிட மிகுந்திருக்கும். அதைச் செடிகளுக்கு ஊற்றுவது தவறு. தரை கழுவவோ கழிப்பறைக்கோ பயன்படுத்தலாம்.

சுவரும் வண்ணமும்

உவர்ப்பு நீரைக் கொண்டு கட்டிய சுவரிலும், ஓதம் ஏறும் சுவரிலும் வெண்ணிறப் படிவு தோன்றும். இது உப்புப் பூத்தல் எனப்படும். நாளடைவில் பூச்சு பொரிந்து உதிரும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி (இ.த. 456: 2000) கற்காரை கலக்கும் நீரில் குளோரைடு, கம்பியிட்ட கற்காரைக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமும் கம்பியில்லாத கற்காரைக்கு 2,000 மில்லிகிராமும் தாண்டலாகாது. குளோரைடு மிகுந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துக் கற்காரை வெடிக்கும்.

படிவை நீரூற்றிக் கழுவினால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள் செல்லும். ஆகவே முதலில் உலர்ந்த தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும். ஓதத்தின் காரணத்தைச் சரிசெய்த பின்னரே வண்ணம் பூச வேண்டும். ஈரத்தை வெளியேற விடும் சுண்ணாம்புப் பூச்சு இத்தகைய சுவர்களுக்கு ஏற்றது. ஈரத்தைத் தடுக்கும் நெகிழிப் பூச்சுகள் குமிழிட்டு உரியக்கூடும். பூச்செடிப் பாத்தியைச் சுவரை ஒட்டி அமைப்பதும் ஓதத்தை மிகுவிக்கும்.

பாதுகாப்பு

முற்றத்தை மேடாக்க வெளியிலிருந்து மண் வாங்கும்போது அது எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் இன்றியமையாதது. தோல் ஆலைக் கழிவுச் சேற்றில் குரோமியம் இருக்கலாம். அதை எருவாகவோ நிரப்பு மண்ணாகவோ பயன்படுத்தலாகாது. குரோமியத்தின் ஆறிணைதிற வடிவம் புற்றுநோய் ஊக்கியாகும். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலையின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்திருந்தது. ஐயத்திற்குரிய மண்ணில் கீரை, காய்கறி பயிரிடுவதைத் தவிர்த்துப் பூச்செடிகளை மட்டும் வளர்ப்பது பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

* பாலாறு
* தோல் பதனிடுதல்
* மழைநீர் சேகரிப்பு
* திண்ணை
* ஆவாரை