ஏற்பியும் ஏகபோகமும்: கொச்சி வழக்கை முன்வைத்து

புற்றுநோயியலில் ஏற்பிகளின் வரலாறு பெரும்பாலும் ஆய்வகங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. காப்புரிமை அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அதில் இடமிருப்பதில்லை. கொச்சியிலிருந்து நோக்கும்போது இக்குறை துலக்கமாகத் தெரிகிறது.

1896-இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றினால் முற்றிய மார்பகப் புற்றுக்கட்டிகள் சுருங்கக்கூடும் என்று வெளியிட்டார். சிலருக்கு மட்டுமே அது பலித்தது ஏன் என்ற வினாவுக்கு, 1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் தொடங்கிய ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆய்வே விடை தந்தது. ஏற்பியுள்ள கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறது. ஏற்பியை அடைத்தால் வளர்ச்சி தடைபடும். கருத்தடை மருந்தாகத் தோற்றுப்போன டமாக்சிஃபென் இவ்வழியில்தான் புற்றுநோய் மருந்தாயிற்று.

அடுத்த கட்டம் ஏற்பிக்கு அப்பால் நகர்ந்தது. ஏற்பி பெறும் சமிக்ஞை, செல்லினுள்ளே சிடிகே 4, 6 என்னும் நொதிகளை முடுக்கிச் செல்லைப் பிரியத் தூண்டுகிறது. அந்நொதிகளைத் தடுக்கும் ரைபோசிக்லிப் 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 மிகாத மார்பகப் புற்றுநோய்க்கு உரியது அது.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பின் மருந்துப் பொருள்களுக்கே காப்புரிமை வழங்கப்படுகிறது. விதிவிலக்குக்கும் முன்மாதிரி உண்டு. இரத்தக்குழாய் வளர்ச்சி ஏற்பிகளைத் தடுக்கும் சோராஃபெனிப் மருந்துக்கு மாதம் சுமார் 2,80,000 ரூபாய் ஆயிற்று. 2012-இல் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் அளிக்கப்பட்டதும் அதன் விலை 9,000 ரூபாய்க்கும் கீழிறங்கியது. சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் மறு ஆண்டே அவ்வாணையை உறுதிசெய்தது.

2022-இல் ரைபோசிக்லிப்புக்கும் அதே வழியைக் கோரி, கொச்சியிலுள்ள கேரள உயர் நீதிமன்றத்தை நோயாளி ஒருவர் அணுகினார். தீர்ப்புக்கு முன்பே அவர் இறந்தார். பொதுநலன் கருதி நீதிமன்றம் தானாகவே வழக்கைத் தொடர்ந்தது. எந்த ஏற்பி, எந்த மருந்து என்பதை அறிவியல் அவருக்குத் தெளிவாகவே சொல்லியிருந்தது. தடை, விலையில் இருந்தது.

ஏகபோகம் கொச்சிக்குப் புதிதன்று. 1663-இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி, மட்டாஞ்சேரியில் அரண்மனை கொண்டிருந்த கொச்சி அரசரிடமிருந்து மிளகுக்கான தனியுரிமையைப் பெற்றது. ஒப்பந்தத்தைத் தளர்த்தும் வலிமை அவ்வரசருக்கு இல்லை. இன்றைய அரசின் நிலை வேறு: 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84, 92, 100 ஆகிய பிரிவுகள் அதன் கையில் உள்ளன. அவை பயன்பட்டனவா, கிடப்பில் கிடந்தனவா என்பதும் ஏற்பிகளின் வரலாற்றில் ஓர் இயலாக எழுதப்பட வேண்டும்.