பள்ளிகளில் சமயப் போதனை (திருச்சிராப்பள்ளி)

திருச்சியின் பள்ளிக் கல்வி சமய நிறுவனங்களோடு வேர்விட்டு வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் போதகர் ஷ்வார்ட்ஸ் இங்கே பள்ளி நடத்தினார். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய இயேசு சபையாரின் புனித வளனார் கல்லூரி 1883இல் மலைக்கோட்டை அடிவாரத்துக்கு வந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை சமயப் பள்ளிகளுக்கும் அரசு மானியம் தர வழிசெய்தது; அரசு ஆய்வாளர் பார்த்தது பொதுக்கல்வியை மட்டுமே. இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. அறக்கட்டளை விதிப்படி சமயப் போதனை தரவேண்டிய, அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கு விலக்குண்டு. அரசு உதவி பெறும் பள்ளியிலோ, பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவின்றி எந்தச் சிறுவனையும் சிறுமியையும் வழிபாட்டில் நிறுத்த முடியாது. சிறுபான்மையினர் தம் பள்ளியை நடத்தும் உரிமை (பிரிவு 30) இதை மாற்றாது. பிள்ளையின் மனச்சான்றைக் காக்கும் இந்த இசைவு விதியே சட்டத்தின் உயிர். பெற்றோர் பலர் அறியாததும் இதுவே.

சமயங்களைப் பற்றிப் பாடமாகப் படிப்பது தடையில்லை என 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சமயப் போதனைக்கு இடமில்லாத அரசுப் பள்ளிகளின் காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தும் குறளும் உறுதிமொழியும் ஒலிக்கின்றன.