கடைமடை வரை

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குத் தலைமடை எது, கடைமடை எது என்று விளக்கத் தேவையில்லை. வாய்க்காலின் தலைப்பில் நிலம் உடையவன் நீர் திறந்த சில நாள்களிலேயே உழவைத் தொடங்கிவிடுகிறான். கடைமடையில் உள்ளவனோ வானத்தையும் வாய்க்காலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மேட்டூர் நிறைந்துவிட்டது என்று கேட்கும்போது அவனும் மகிழ்கிறான். ஆயினும் அவன் வயலில் ஈரம் படும்வரை அது வெறும் செய்தியாகவே இருக்கிறது.

நாட்டின் முன்னேற்றம் பற்றியும் அதற்கு வழிகாட்டும் தலைமை பற்றியும் பேசும்போதெல்லாம் இந்தக் கடைமடை உழவனை நினைத்துக்கொள்வது நல்லது. “நல்ல தலைவர் ஒருவர் வந்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும்” என்பது நம் மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. அது முற்றிலும் பொய்யான நம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது பாதி உண்மையே. மறுபாதியைத் தஞ்சை மண்ணின் கடந்த நூற்றாண்டு வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

நீர் கொணர்ந்த தலைமை

இம்மண்ணின் முதற் பெரும் தலைமை நீரை ஆண்ட தலைமையே. கல்லணையோடு கரிகாலன் பெயரை மக்கள் இன்றளவும் இணைத்துப் பேசுகின்றனர். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டிக் கொள்ளிடத்தில் வீணாகப் பாய்ந்த நீரைக் காவிரிக்குத் திருப்பினார். 1925இல் தொடங்கிய மேட்டூர் அணைப் பணி 1934இல் நிறைவுற்றது. அணையோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், மானம் பார்த்துக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்கும் காவிரியைக் கொண்டு சென்றது.

இவையெல்லாம் மறக்கத்தகாத பணிகள். எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நீர் பெருகியது, நெல்லும் பெருகியது, அந்நெல்லை விளைவித்தவன் வயிறு நிறைந்ததா? கீழைத் தஞ்சையில் நிலத்தின் பெரும்பகுதி மிராசுதார்களிடமும் கோவில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. சேரிகளில் வாழ்ந்த பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாகக் கடனால் பண்ணையோடு கட்டுண்டு கிடந்தனர். தவறு செய்ததாகக் கருதப்பட்டவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக வழங்கப்பட்ட காலம் அது. அணை கட்டிய தலைமைக்கு இவையெல்லாம் கண்ணில் படவில்லை. நீர் வயலுக்குப் பாய்ந்தது. நீதி வரப்போடு நின்றுவிட்டது.

நிமிர்ந்த முதுகுகள்

1940களில் கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் என்னும் பொதுவுடைமைத் தொண்டர் இந்தச் சேரிகளுக்குள் நுழைந்தார். பிறப்பால் அந்தணர். சேரி மக்களின் குடிசைகளிலேயே உண்டு, உறங்கி, அவர்கள் மொழியிலேயே பேசினார். அடித்தால் திருப்பி அடிக்கவும் அஞ்சாதீர்கள் என்று அவர் கூறியதாக முதியவர்கள் நினைவுகூர்வதுண்டு. அவரோடு களப்பால் குப்பு போன்று அம்மக்களிடையிலிருந்தே எழுந்த தலைவர்களும் தோள்கொடுத்தனர். சில ஆண்டுகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. கூலி பற்றிப் பண்ணையாட்களோடு ஒரே இடத்தில் அமர்ந்து பேசவேண்டிய நிலை மிராசுதார்களுக்கு வந்தது.

அவ்வியக்கத்தாரின் கடவுள் மறுப்பும் வர்க்கப் பகைமையும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் அவர்கள் ஆற்றிய பணியை மறைப்பது நேர்மையாகாது. சேரிக்குள் சென்று அம்மக்களோடு உண்ட அவர்களை நினைக்கும்போது நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் ஆலயங்கள் சிலவற்றில் அமரும் இடத்திலும் கல்லறையிலும்கூடச் சாதிக்கொரு பிரிவு இருந்ததே! ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்ட நாம், ஊரையும் சேரியையும் பிரித்த கோட்டை எத்தனை இடங்களில் அழித்தோம்?

கேட்டறிந்த தலைமை

1952இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் தஞ்சையின் கீழைப்பகுதியில் பொதுவுடைமையர் கணிசமான வெற்றி பெற்றனர். சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற இராஜாஜி, பொதுவுடைமையரைத் தம் முதல் எதிரி என்று வெளிப்படையாகக் கூறியவர். அவரே அவ்வாண்டு ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. விளைச்சலில் ஐந்தில் இரு பங்கு குத்தகைதாரருக்கு உரியது என்றும், காரணமின்றி அவரை வெளியேற்றக்கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. பண்ணையாளுக்கும் பாதுகாப்பு அளித்தது.

மக்கள் ஒன்றுதிரண்டு பத்தாண்டுகள் போராடியிராவிடில் இச்சட்டம் பிறந்திருக்குமா? ஐயமே. அதே வேளையில், எதிரியின் வாயிலிருந்து வந்த கோரிக்கையாயினும் அதில் நியாயம் உண்டு என்று உணர்ந்து செயல்பட்ட முதலமைச்சரின் அரசியல் முதிர்ச்சியையும் குறைத்து மதிப்பிடலாகாது. கீழிருந்து எழுந்த குரலும் மேலிருந்து கேட்ட செவியும் சேர்ந்தபோதுதான் நன்மை விளைந்தது.

ஆனால் சட்டத்திலும் உடைப்புகள் இருந்தன. சட்டம் பாதுகாத்த பண்ணையாளை நிலவுடைமையாளர் பலர் வேலையிலிருந்து நீக்கிவிட்டு, நாள்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டனர். 1956இல் வந்த நியாய வாரச் சட்டம் நஞ்சை விளைச்சலில் குத்தகைதாரரின் பங்கை நூற்றுக்கு அறுபதாக உயர்த்தியது. ஆனால் குத்தகை ஒப்பந்தமோ பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே இருந்ததால், உரிமையை மெய்ப்பிக்க வழியின்றித் தவித்தோர் பலர். 1961இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் என விதிக்கப்பட்டது. உறவினர் பெயரிலும் அறக்கட்டளைப் பெயரிலும் நிலங்கள் மாறி எழுதப்பட்டன. காமராசர் காலத்தில் ஊர்தோறும் பள்ளியும், 1956 முதல் மதிய உணவும் வந்தன. சேரிப் பிள்ளை பலகையும் கையுமாகப் பள்ளிக்குச் சென்றது பெரிய மாற்றமே. எனினும் அதன் தந்தை வயலில் பெற்ற கூலி அதே படியில்தான் அளக்கப்பட்டது.

விளைச்சலும் வெண்மணியும்

1960ஆம் ஆண்டில், நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் ஒன்றாகத் தஞ்சையில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல விதை, உரம், கடன், அறிவுரை அனைத்தையும் ஒருசேர உழவனுக்கு அளிப்பது அதன் நோக்கம். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல், குறுவைப் பரப்பைப் பெருக்கியது. ஒரு போகம் கண்ட வயல்கள் பல இருபோகம் கண்டன. பஞ்சம் பற்றிய அச்சம் நாடெங்கும் நிலவிய அந்நாள்களில் தஞ்சை நம்பிக்கையின் அடையாளமாக விளங்கியது.

1967 மார்ச்சில் அண்ணாவின் தலைமையில் புதிய அரசு அமைந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று கூறி வந்த அரசு அது. ஏழையின் அடுப்பை அரசியலின் நடுவே வைத்த அவ்வாக்குறுதி மக்கள் உள்ளத்தை எவ்வாறு கவர்ந்தது என்பதை அக்காலத்தவர் அறிவர். அதே மாதத்தில்தான் திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் குறித்த தம் சுற்றுமடலை வெளியிட்டார். பொருள் வளர்ச்சி மட்டுமே முன்னேற்றமாகிவிடாது, ஒவ்வொரு மனிதனும், முழு மனிதனும் உயர்வதே முன்னேற்றம் என்பது அம்மடலின் சாரம்.

அம்மடல் வெளிவந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. 1968 டிசம்பர் 25, இரவு. நாம் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடிய அதே இரவில், வேளாங்கண்ணிக்கு வெகு தொலைவில் இல்லாத கீழ்வெண்மணியில், தாக்குதலுக்கு அஞ்சி ஒரே குடிசைக்குள் ஒளிந்த கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். அவர்கள் செய்த குற்றம் என்ன? அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டது. அதற்காகச் சங்கத்தில் சேர்ந்தது. சங்கத்தை விட்டு விலக மறுத்தது.

அந்த அரைப்படியைச் சற்று எண்ணிப் பாருங்கள். புதிய நெல்லாலும் உரத்தாலும் ஒவ்வொரு வேலியிலும் கூடுதலாக விளைந்தது எத்தனை கலம்! அதில் அரைப்படியைப் பகிர மறுத்த நெஞ்சம் எத்தகையது! வளர்ச்சி வந்தது, பகிர்வு வரவில்லை. எல்லா வயல்களும் ஒரே நேரத்தில் விளைந்து நின்றபோது தொழிலாளிக்குக் கூலி கேட்கும் வலிமை கிடைத்தது, அவ்வலிமையை முறிக்க வெளியூர் ஆட்கள் இறக்கப்பட்டனர், பகை முற்றியது. பெருகிய விளைச்சலே பூசலையும் பெருக்கியது என்பதே உண்மை.

வழக்கில் கீழ் நீதிமன்றம் 1970இல் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலம் உடைய செல்வர்கள் தாமே நடந்து சென்று இக்கொடுமையைச் செய்திருப்பர் என நம்புவது கடினம் என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றிருந்தது. கடைமடைக்கு நீர் மட்டுமா வர மறுக்கிறது?

இன்னொரு படுகை

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துயரம் என்று எண்ண வேண்டாம். ஆப்பிரிக்காவில் நைஜர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நம்முடையதைப் போன்றே ஒரு படுகை உண்டு. அங்கே 1956இல் ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. தஞ்சைத் திட்டம் தொடங்கிய அதே 1960இல் நைஜீரியா விடுதலை பெற்றது. எண்ணெய்ச் செல்வத்தால் நாடு உயரும் என்று அம்மக்கள் கண்ட கனவு கொஞ்சமன்று. ஆனால் 1966இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போர் மூண்டது. எண்ணெய் தந்த படுகையின் வயல்களும் ஓடைகளும் எண்ணெய்க் கசிவால் பாழாயின. அம்மக்களுக்காகக் குரல்கொடுத்த எழுத்தாளர் கென் சாரோ விவா 1995இல் இராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார். குடியாட்சி 1999இல்தான் மீண்டது.

நைஜீரியாவின் துன்பத்திற்கு மூலகாரணம் தலைமையின் தோல்வியே என்று அந்நாட்டுப் புகழ்பெற்ற எழுத்தாளர் சினுவா அச்சிபே 1983இல் ஒரு சிறு நூலில் வாதிட்டார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் தஞ்சையின் வரலாறு அதனோடு மற்றொன்றையும் சேர்க்கச் சொல்கிறது. தலைவனைத் தட்டிக் கேட்கும் மக்களே தலைவனை உருவாக்குகின்றனர். கேட்பாரற்ற இடத்தில் நல்லவனும் காலப்போக்கில் தலைமடைக்காரனாகிவிடுகிறான்.

எரிந்த குடிசைக்குப் பின்

வெண்மணிக்குப் பின் அரசு செயல்பட்டது. கீழைத் தஞ்சைக்கென 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் குடியிருப்பு மனையை உரிமையாக்கியது. “என் மனையை விட்டு வெளியேறு” என்று மிரட்டும் ஆயுதம் அன்றே நிலக்கிழாரிடமிருந்து பறிக்கப்பட்டது. இதன் அருமையை மனையற்றவனே அறிவான்.

செய்தியறிந்து வெண்மணிக்கு வந்தவர்களுள் காந்திய வழியினரான ஜகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் இருந்தனர். கிருஷ்ணம்மாள் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். ஆறுதல் கூறிவிட்டுத் திரும்பாமல் இம்மண்ணிலேயே தங்கினர். 1981இல் லாஃப்டி என்னும் அமைப்பை நிறுவினர். நிலம் விற்க விரும்புவோரிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலமற்ற பெண்களின் பெயரில் ஓர் ஏக்கர் வீதம் பதிவு செய்துகொடுப்பது அவர்கள் கண்ட வழி. இவ்வாறு ஆயிரக்கணக்கான பெண்கள் நிலத்துக்கு உரியவர் ஆயினர். கடற்கரையோர விளைநிலங்களை இறால் பண்ணைகள் உப்பாக்கியபோது ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996இல் அத்தகைய பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பும் பெற்றார். பதவியோ கட்சியோ இல்லாத இருவரின் தலைமை இது.

சீனிவாசராவும் கிருஷ்ணம்மாளும் கொள்கையில் இரு துருவங்கள். ஆயினும் இருவரும் கடைமடையில் குடியேறி, அங்கிருந்து பேசினர். அவர்கள் சொல் ஆட்சியாளரின் செவியை எட்டியதற்கு அதுவே காரணம்.

நம்முன் உள்ள கேள்வி

பழைய தஞ்சை மாவட்டம் இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எனப் பிரிந்துள்ளது. கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டிய காவிரி நீர் 177.25 டி.எம்.சி. என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் படுகைப் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்பட்டது. நடவுக்கும் அறுப்புக்கும் எந்திரங்கள் வந்துவிட்டன. அறுத்த கையின் பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். ஊராட்சித் தலைமையில் பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் அமர்வதற்குச் சட்டம் இடம் ஒதுக்கியுள்ளது. ஆனால் அந்த நாற்காலியில் அவர்கள் மெய்யாகவே அமர விடப்படுகின்றனரா என்பது ஊர்தோறும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தேர்தல்தோறும் தலைவர்கள் நம்மிடம் வருவர். எத்தனை கோடியில் திட்டம் என்று அவர்கள் சொல்வார்கள். அத்திட்டத்தில் கடைமடைக்கு என்ன வரும், எப்போது வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்று நாம் கேட்க வேண்டும். கேட்பதோடு நம் கடமை முடிவதுமில்லை. வாய்க்காலைத் தூர்வார ஊரார் அனைவரும் மண்வெட்டியோடு இறங்கிய குடிமராமத்து வழக்கம் நம் முன்னோர் அறிந்ததே. அணையைத் திறப்பது ஆள்வோர் கையில் இருக்கிறது. வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் சாதியையும் தன்னலத்தையும் அகற்றுவது நம் கையில் இருக்கிறது. அதைச் செய்யாதவரை எத்தனை நல்ல தலைவர் வந்தாலும் நீர் பாதி வழியிலேயே நின்றுபோகும்.