குழந்தை கூறும் தவறான விடை

சிறுவன் ஒருவன் வினாவிற்குத் தவறாக விடையிறுத்தால், அவன் அறிவிற் குறைந்தவன் என்று முடிவு கட்டுவது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தை அசைத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே ஆவார்.

1896-ம் ஆண்டில் பிறந்த பியாஜே முதலிற் பயின்றது உயிர்நூல். முதல் உலகப் போருக்குப் பின்னர்ப் பாரிஸ் நகரில், பள்ளிச் சிறுவர்க்குரிய அறிவுச் சோதனைகளை வகைப்படுத்தும் பணியில் அமர்ந்தார். அங்கே அவர் சரியான விடைகளைவிடத் தவறான விடைகளிலேயே கருத்தூன்றினார். ஒத்த வயதினர் ஒரே வகையான தவறுகளைச் செய்யக் கண்டார். குழந்தை குறைவாகச் சிந்திக்கவில்லை, வேறு விதமாகச் சிந்திக்கிறது என்னும் எண்ணம் இதனின்று முளைத்தது.

1921-ம் ஆண்டில் ஜெனீவா சென்ற அவர், பள்ளிச் சிறுவரிடத்தும் பின்னர்த் தம் குழந்தைகள் மூவரிடத்தும் ஆராய்ச்சி நிகழ்த்தி, அறிவு வளர்ச்சியை நான்கு படிகளாக வகுத்தார். ஏறத்தாழ 2 வயது வரை குழந்தை புலனாலும் செயலாலும் அறிகிறது. 7 வயது வரை சொல்லையும் குறியீட்டையும் கையாள்கிறது. 11 வயது வரை கண்ணெதிரேயுள்ள பொருள்களைப் பற்றி முறையாக எண்ணுகிறது. அதன்பின் கருத்தளவிலேயே ஆராயும் ஆற்றல் பெறுகிறது. அகன்ற குவளையிலுள்ள நீரை ஒடுங்கி உயர்ந்த குவளையில் ஊற்றினால், நீர் மிகுந்துவிட்டது என்று 5 வயதுக் குழந்தை கூறுவது அவர் காட்டிய புகழ்பெற்ற சான்று.

குழந்தை அறிவை வாங்கி வைக்கும் பாத்திரமன்று, தன் செயலால் அறிவைக் கட்டிக்கொள்வது என்பதே இக்கொள்கையின் பெருஞ்சிறப்பு. இங்கிலாந்தின் தொடக்கக் கல்வி குறித்து 1967-ல் வெளிவந்த பிளௌடன் அறிக்கையிலும் இதன் செல்வாக்கைக் காணலாம்.

ஆயினும் குறைகளும் உள. எடின்பரோவைச் சேர்ந்த மார்கரெட் டொனால்ட்சனும் அவர் துணைவரும் ஒரு சோதனையை மாற்றி நடத்தினர். சமமான இரு வரிசைகளுள் ஒன்றைப் பெரியவர் கலைத்து, எது மிகுதி என மீண்டும் வினவினால் பல குழந்தைகள் தடுமாறின. குறும்புக்காரக் கரடிப் பொம்மை கலைத்ததாகக் காட்டியபோதோ, மிகப் பல குழந்தைகள் சரியாகவே கூறின. பெரியவர் ஒரே வினாவை இருமுறை கேட்டால், வேறு விடையை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை கருதுவது இயல்பன்றோ? மறைத்த பொருளும் இருந்துகொண்டே இருக்கும் என்பதை 5 மாதக் குழந்தையும் ஓரளவு உணர்கிறது எனப் பயார்ஜோன் முதலியோர் 1985-ல் காட்டினர். மொழிக்கும் சமூகத்திற்கும் உரிய பங்கைப் பியாஜே குறைத்து மதிப்பிட்டார் என்பதும், ருஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கியின் வழி வந்தோர் கூறும் குறை.

விடையை ஆராயப் பியாஜே கற்பித்தார். வினாவையும் ஆராயப் பின்வந்தோர் கற்பித்தனர். ஒரு குழந்தையை மந்தமென ஒதுக்குமுன், இவ்விரண்டையும் நாம் செய்தோமா என்று எண்ணிப் பார்ப்பது நம் கடனாகும்.