ஐந்தில் ஒன்றா மேற்பார்வை? அமெரிக்க ஆலோசகர் கல்வி முனைவர் பட்டம் குறித்து

அமெரிக்காவில் உளவள ஆலோசகராகத் தொழில் நடத்த முதுகலைப் பட்டமும் மாநில உரிமமும் போதும். 1976இல் வர்ஜீனியாவில் தொடங்கிய உரிமச் சட்டம் 2009இல் கலிபோர்னியாவை எட்டியபோது எல்லா மாநிலங்களும் அதற்குள் வந்துவிட்டன. முனைவர் பட்டம் பெற்ற ஆலோசகருக்கு, தம்மை நாடி வருபவர்களைச் சந்திப்பதில் முதுகலைப் பட்டதாரியைவிடக் கூடுதல் உரிமை எதுவும் கிடையாது. ஆலோசனை உளவியல் என்ற துறையின் முனைவர் பட்டத்தை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது. உளவியலாளர் உரிமத்துக்கு இட்டுச்செல்வது. ‘ஆலோசகர் கல்வியும் மேற்பார்வையும்’ என்ற பெயரில் வழங்கப்படும் பட்டத்துக்கு அந்தப் பாதை இல்லை. பிறகு ஏன் ஒருவர் மேலும் சில ஆண்டுகளைச் செலவிட்டு இதைப் படிக்க வேண்டும்?

பேராசிரியர் ஆவதற்கு என்பது வழக்கமான விடை. அது தவறல்ல, ஆனால் பாதி விடைதான். இந்தப் பட்டம் தனக்கென்று வைத்திருக்கும் அறிவு மேற்பார்வையில்தான் இருக்கிறது. ஆய்வு முறையையும் கற்பித்தலையும் வேறு துறைகளிலும் கற்கலாம். புதிய ஆலோசகர் ஒருவரின் அமர்வைக் கூர்ந்து கேட்டு அவரை வளர்த்தெடுக்கும் கலையை இவ்வளவு விரிவாகச் சொல்லித்தரும் இடங்கள் மிகக் குறைவு. ஆனால் பட்டத்தை வரையறுக்கும் விதிகள் அதை ஐந்தில் ஒன்றாக மட்டுமே நடத்துகின்றன என்பதும், அதன் விளைவு முனைவர் மாணவரோடு நிற்பதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விதிகள் ஏன் இந்த வடிவம் எடுத்தன என்பதற்கு வரலாறு ஓரளவு விடை தருகிறது. 1952இல் நான்கு அமைப்புகள் சேர்ந்து இன்றைய அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் முன்னோடியைத் தொடங்கின. அவற்றுள் ஒன்று வழிகாட்டல் மேற்பார்வையாளர்களும் ஆலோசகர் பயிற்றுநர்களும் சேர்ந்த சங்கம். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. திறமையுள்ள மாணவர்களை இனங்கண்டு அறிவியல் பக்கம் திருப்ப வேண்டும் என்ற அவசரத்தில், பள்ளி ஆலோசகர்களுக்குப் பயிற்சி தரப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் பாய்ந்தது. ஆலோசகர்களுக்குத் திடீரென்று தேவை பெருகியது. அவர்களுக்குப் பயிற்சி தரத் தகுந்தவர்களுக்கும் அப்படியே. கல்வித் துறைகளுக்குள் இந்த முனைவர் பட்டம் வேரூன்றியது இந்தச் சூழலில்தான்.

1981இல் ‘கேக்ரெப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அங்கீகார அவை உருவானது. அதன் 2009ஆம் ஆண்டுத் தரவிதிகளில் ஒரு நிபந்தனை: 2013 ஜூலை 1க்குப் பிறகு முதன்மை ஆசிரியராகச் சேர்பவர் ஆலோசகர் கல்வியில் முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அதற்கு முன்பே ஓராண்டு முழுநேரமாகக் கற்பித்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதுவரை இத்துறைகளில் உளவியல் முனைவர்கள் இயல்பாகப் பணியாற்றிவந்தார்கள். அவர்களுக்குப் புதிதாக நுழைய வழி அடைபட்டது. தொழிலின் தனி அடையாளத்தைக் காப்பது என்று இதற்கு நியாயம் சொல்லப்பட்டது. உளவியலாளர்களோடு நீண்ட காலம் உரிமப் பூசல் நடத்திய தொழிலுக்கு அந்த அச்சம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் வாசலில் யாரை விடுவது என்று காட்டிய அக்கறையை, உள்ளே வந்தவர் எதைச் செய்து பழகியிருக்க வேண்டும் என்பதில் காட்டவில்லை.

2024 வரை நடைமுறையில் இருந்த 2016ஆம் ஆண்டுத் தரவிதிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். முனைவர் படிப்புக்கு அவை ஐந்து பகுதிகளை வகுத்தன: ஆலோசனை, மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, தலைமையும் பரிந்துரைப்பும். ஐந்தையும் பாடமாகப் படித்தாக வேண்டியிருந்தது. செய்முறையில் நிலைமை வேறு. ஆலோசனைக்கு 100 மணி நேரச் செய்முறைப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. அதில் 40 மணி நேரம் நேரடிச் சந்திப்பு. அதன் பின் 600 மணி நேர உள்ளகப் பயிற்சி. இந்த 600 மணி நேரம் ஐந்து பகுதிகளில் ஏதேனும் மூன்றைத் தழுவியிருந்தால் போதுமானதாக இருந்தது. அதாவது முதுகலையிலேயே பழகிவிட்ட ஆலோசனைக்குக் கட்டாய மணிக்கணக்கு இருந்தது. பட்டத்தின் பெயரிலேயே பல இடங்களில் இடம்பெறும் மேற்பார்வைக்கு அது இருக்கவில்லை. கற்பித்தல், ஆய்வு, தலைமை என்று மூன்றையும் தேர்ந்து ஒருவர் 600 மணி நேரத்தையும் முடித்துவிட முடிந்தது. பெரும்பாலான துறைகள் அப்படி விடுவதில்லை என்று மறுக்கலாம். துறைகளின் நல்லெண்ணத்தை நம்பினால் போதுமென்றால் தரவிதி எதற்கு?

மேற்பார்வை என்பதைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு நெறியாளரின் பணியாக எண்ணிவிடக் கூடாது. முதுகலை மாணவர் தம்மை நாடி வந்த ஒருவரோடு நடத்திய அமர்வின் ஒலிப்பதிவையோ காணொளியையோ கொண்டுவருகிறார். வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் அதை மேற்பார்வையாளரோடு அலசுகிறார். பதிவைக் கொண்டு பயிற்சி தரும் இந்த முறைக்கு வலுவான தொடக்கம் தந்தவர் கார்ல் ரோஜர்ஸ். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்தபோது பதிவான சிகிச்சை ஒன்றின் முழு உரையாடலும் 1942இல் அவருடைய நூலில் அச்சானது. மாணவர் நினைவிலிருந்து சொல்லும் அமர்வும் பதிவில் கேட்கும் அமர்வும் ஒன்றாக இருப்பதில்லை. தாம் பொறுமையாகக் கேட்டதாகவே அவர் நம்பியிருப்பார். பதிவிலோ மூன்றாவது நிமிடத்திலேயே அறிவுரை தொடங்கியிருக்கும்.

அந்த இடைவெளியை எப்படிக் கையாள்வது என்பதில்தான் இத்துறையின் நுட்பம் இருக்கிறது. ஜனைன் பெர்னார்ட் 1979இல் முன்வைத்த மாதிரியின்படி மேற்பார்வையாளர் ஒரே மணி நேரத்துக்குள் ஆசிரியராகவும், ஆலோசகராகவும், சக கலந்தாய்வாளராகவும் மாறி மாறி நிற்க வேண்டியிருக்கும். எப்போது எந்த நிலை என்பதை அந்தக் கணத்தின் தேவை முடிவு செய்கிறது. உளப்பகுப்பாய்வு மரபிலிருந்து வந்த இன்னொரு கருத்து இதைவிடச் சிக்கலானது. தம்மை நாடி வந்தவர் தம்மிடம் காட்டிய போக்கைப் பயிற்சி ஆலோசகர் அறியாமலே மேற்பார்வையாளரிடம் காட்டுகிறார் என்று ஹரால்ட் சியர்ல்ஸ் 1955இல் எழுதினார். வந்தவர் எதையும் பிடிகொடுக்காமல் பேசியிருந்தால், அன்று மாலை மாணவரும் பிடிகொடுக்காமல் பேசுவார். இதைப் பாடநூலில் படிக்க ஒரு மணி நேரம் போதும். எதிரில் நடக்கும்போது, எரிச்சல் படாமல், அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளப் பழகுவதற்கு எத்தனை அமர்வுகள் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

முனைவர் மாணவர் இதை எந்த நிலையில் இருந்து பழகுகிறார்? அதே 2016ஆம் ஆண்டுத் தரவிதிகள், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், முனைவர் மாணவரே முதுகலை மாணவருக்கு மேற்பார்வையாளராக இருக்க அனுமதித்தன. மேற்பார்வையில் அவர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அல்லது பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். இந்த ‘அல்லது’ சிறிய சொல் அல்ல. இன்று கற்பவர் நாளை மதிப்பிடுகிறார். மதிப்பிடப்படுபவர் அதே வளாகத்தில், சில வேளை அதே வகுப்பறையில் இருப்பவர்.

மதிப்பீடு இங்கே மதிப்பெண்ணோடு முடிவதில்லை. தொழிலுக்குத் தகுதியற்றவரைத் தடுத்து நிறுத்தும் கடமை ஆலோசகர் கல்வியாளருக்கு உண்டு. அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுக்க நெறிகள் அதை வெளிப்படையாகவே சொல்கின்றன. அது எவ்வளவு கனமானது என்பதைக் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக வழக்கு காட்டியது. ஜூலியா வார்ட் என்ற முதுகலை மாணவி, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒருபாலீர்ப்பாளர் ஒருவரை வேறு ஆலோசகருக்கு மாற்றித்தரும்படி மத நம்பிக்கையின் பேரில் தம் மேற்பார்வையாளரிடம் கேட்டார். 2009இல் அவர் நீக்கப்பட்டார். கீழ் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. 2012இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒதுக்கி வழக்கைத் திருப்பியனுப்பியது. கடைசியில் சமரசத்தில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் கேள்வியல்ல. ஒரு மேற்பார்வை உரையாடல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போகக்கூடும் என்றால், அந்த இருக்கையில் அமர்பவர் எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

இதற்கு எதிரே வைக்கத்தக்க வலுவான வாதம் ஒன்று உண்டு. ஐந்தில் மூன்று என்ற நெகிழ்வு மாணவரின் எதிர்காலத்தை மதிக்கிறது. ஆய்வாளராக விரும்புபவரை ஏன் மேற்பார்வை அறைக்குள் தள்ள வேண்டும்? ஆலோசகர் கல்வியில் தரமான ஆய்வு பெருக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த ஆய்வாளரும் நாளை ஒரு துறையின் முதன்மை ஆசிரியராகவே அமர்த்தப்படுவார். தம்மிடம் பயிலும் மாணவ மேற்பார்வையாளர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவருக்கும் வரும். 2013ஆம் ஆண்டின் நிபந்தனை அவருடைய பட்டத்தைப் பார்க்கும். எந்த மணிநேரங்களைக் கடந்து அதைப் பெற்றார் என்று கேட்காது.

செய்ய வேண்டிய மாற்றம் பெரிதல்ல. ஆலோசனைக்கு இருப்பதைப் போல மேற்பார்வைக்கும் நேரடி மணிக்கணக்கைத் தனியே கட்டாயமாக்கலாம். அந்த மணிநேரங்களில் ஒரு பகுதியையேனும் பதிவு செய்து, ஆய்வேட்டுத் தேர்வுக் குழு கேட்டு மதிப்பிடலாம். மாணவ மேற்பார்வையாளர் தாம் கண்டதை எழுதித்தரட்டும். முதுகலை மாணவரை நிறுத்திவைப்பது, நீக்குவது போன்ற முடிவுகளில் அவர் கையொப்பம் இருக்கக் கூடாது. அது ஊதியமும் பதவிப் பாதுகாப்பும் உள்ள ஆசிரியரின் பொறுப்பு.