நாளைப் போவாரின் பாட்டு

இசையரங்குகளில் எத்தனையோ உருப்படிகளைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். எனினும், நின் உள்ளத்தை உருக்கும் பாட்டு ஒன்று சொல்க என்று எவரேனும் வினவுவாராயின், கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'வருகலாமோ' என்றே விடையிறுப்போம். மாஞ்சி இராகத்தில் அமைந்த அப்பாட்டை, சிராங்கூன் சாலையை ஒட்டிய வீடொன்றில், ஊசி தேய்ந்த கிராமபோன் பெட்டியில் முதன்முதல் கேட்டோம். கேட்பித்தவர் எந்தையார், ஜொகூர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பின்னர் நகரம் புகுந்தவர்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாருக்கு ஆண்டை என்று ஒருவர் இல்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் உதவியவர் அவர். தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாடோறும் கூறியமையால் அப்பெயர் எய்தினார். அவரைப் பண்ணையாளாக்கி, விடைகொடாத வேதியர் ஒருவரை எதிரே நிறுத்தியவர் பாரதியாரே. 40 வேலி நிலத்தின் அறுவடையை முடித்துவிட்டுப் போ என்று அவ்வேதியர் பணிப்பது 1861-இல் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் வருகிறது. தஞ்சை நாட்டில் வாழ்ந்த புலவர் ஆண்டையை எங்கிருந்து கொணர்ந்தார் என்று விளக்கவும் வேண்டுமோ? 1935-இல் வந்த பேசும்படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், வேதியராக நடித்தவரோ சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்!

தோட்டத்து மக்கள் இக்கதையில் கண்ணீர் உகுத்ததில் வியப்பென்ன? விடுப்பு வேண்டிக் கங்காணியின் வாயிலில் நின்றவர்களல்லரோ! அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போவோம், அதற்கடுத்த பொங்கலுக்குப் போவோம் என்றவர் அனைவரும் நாளைப் போவாரே. 1938-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்டது. சயாம் இரயில்பாதை வேலைக்குத் தோட்டங்களினின்று கொண்டுபோகப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மீளவேயில்லை.

எந்தையாரின் தமையனாரும் மீளவில்லை.

அத்தட்டுச் சுழலும்போதெல்லாம் எந்தையார் எழுந்து நிற்பார். பக்தி என்றே சிறுவயதில் எண்ணியிருந்தோம். பெரியப்பா லயத்து வாயிலில் அமர்ந்து மாலைதோறும் பாடிய பாட்டு அது என்பதை அன்னையார் பின்னர்தான் சொன்னார். சுருதி சேராது, ஆயினும் லயமே அடங்கிக் கேட்குமாம்.

நெருப்பில் மூழ்கியெழுந்த பின்னரே தில்லையுள் புகலாம் என்ற கதைமுடிவு எமக்கு உடன்பாடன்று. உள்ளே இருப்பவரை எந்த நெருப்பும் கேட்கவில்லையே! பாட்டோ அம்முடிவுக்குப் போகவில்லை. வாயிலில் நின்று வினவுவதோடு நின்றுவிடுகிறது. மாஞ்சியின் தளர்ந்த நடையும் அவ்வினாவுக்கே பொருந்துகிறது. விரைவுபடுத்திப் பாடுவோர் சிலர் உளர். அவர்மேல் எமக்குச் சினமுண்டு.

1949-இல் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் தோன்றிய பின், கருநாடக இசையை முறையாகப் பயில்வோர் இந்நகரில் பெருகினர். பிழையின்றிப் பாடக் கேட்கிறோம். எனினும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எமக்குக் கால்கள் தாமே எழ முனைகின்றன. அக்கம்பக்கத்தார்க்கு நாணி அமர்ந்துவிடுகிறோம்.

எந்தையாரும் ஊருக்குப் போகவில்லை. அவருடைய தட்டு எம்மிடம் உள்ளது; அதைச் சுழற்றும் பெட்டிதான் இல்லை.